நிலவறையில் பிறந்த இசைத்தட்டு

சென்ற மழைக்காலத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பிற்பகல், நம் தம்பி தன் கைபேசியில் ஒரு பாட்டை வைத்து, அதன் ஒலிக்கருவியை நம் காதில் மாட்டிவிட்டு, "அண்ணா, முப்பத்தேழு நிமிஷம் ஒன்றும் பேசாமல் இதைக் கேளுங்கள். அப்புறம் நீங்கள் என்ன சொன்னாலும் நான் கேட்டுக்கொள்கிறேன்" என்றான். கரக்பூரில் ரயில்வே குடியிருப்பில் வாழும் நேயர்கள் அறிவார்கள், ஞாயிறு பிற்பகல் என்பது இரவு முறை பார்த்துவிட்டு வந்தவன் கண்ணயரும் நேரம். ஆயினும் அன்று நாம் மறுக்கவில்லை. அதற்கு மூன்று நாள் முன்புதான் அவன், பணிமனையில் பெற்றிருந்த அப்ரெண்டிஸ் இடத்தை விட்டுவிட்டுப் பெங்களூர் சென்று ஒரு கிடார்க் குழுவில் சேரப் போவதாக அறிவித்திருந்தான். அன்றிலிருந்து தாயார் சரியாக உண்ணவில்லை. தந்தையார் காலமான பின் வீட்டுப் பொறுப்பு நம்முடையது. ஆகவே கேட்டோம்.

அது பாஸ்டன் என்னும் அமெரிக்கக் குழுவின் முதல் இசைத்தட்டு. குழுவின் பெயரே தட்டுக்கும் பெயர். 1976-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் எபிக் என்னும் கம்பெனி அதை வெளியிட்டது. முதற் பக்கத்தில் மூன்று, மறு பக்கத்தில் ஐந்து, ஆக எட்டுப் பாட்டுகள். உறையின் மேல் தலைகீழான கிடார் வடிவில் விண்கப்பல்கள் நெருப்புக் கக்கிப் பறக்கின்றன. இதைப் பார்த்தவுடனே, "இது நமக்கு ஆகாது" என்று நம்மைப் போன்றவர்கள் ஒதுங்கிவிடுவது இயல்பு.

இவ்வகை இசைக்கு மெலோடிக் ஹார்ட் ராக் என்று பெயர் சொல்கிறார்கள். மின்சாரக் கிடாரின் உறுமலும் முரசின் அறையும் உண்டு. ஆனால் அவற்றின் மேல் எவரும் முணுமுணுக்கக் கூடிய தெளிவான மெட்டு ஒன்று, தேருக்கு மேல் கலசம் போல், எப்போதும் நிற்கும். உறுமல் மட்டும் இருந்தால் நாம் பத்தாவது நிமிஷத்தில் கருவியைக் கழற்றியிருப்போம். மெட்டு நம்மைப் பிடித்து உட்கார வைத்தது.

முதற் பாட்டின் பெயர் 'மோர் தேன் எ ஃபீலிங்'. மெட்ரிகுலேஷனோடு படிப்பை நிறுத்திய நமக்கு ஆங்கிலப் பாட்டின் சொற்கள் பாதிதான் பிடிபடும். தம்பி பொருள் சொன்னான். ஒருவன் பழகிய பழைய பாட்டொன்றைக் கேட்கிறான். கேட்டதும், எப்போதோ தன்னை விட்டு நடந்து மறைந்த ஒரு பெண் நினைவில் வருகிறாள். அவ்வளவுதான் கதை. ஊரை விட்டு ஆயிரம் மைலுக்கு அப்பால் வந்து குடியிருக்கும் நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அடுத்த வீட்டு வானொலியில் என்றோ கேட்ட ஒரு பழைய பாட்டு வந்தால், அடுப்பில் குழம்பு கொதிப்பதையும் மறந்து நிற்கும் தாயாரை நாம் பார்த்திருக்கிறோம். அந்த நேரத்தில் அவர் இருப்பது கரக்பூரில் அன்று.

பாட்டு நிசப்தத்திலிருந்து மெல்ல மெல்லத் தோன்றுகிறது. தொலைவில் வரும் வண்டியின் ஓசை போல், சாதாரணக் கிடாரின் நரம்புகள் ஒவ்வொன்றாகக் கேட்கத் தொடங்கி, அருகே வந்த பின்னரே மின்சாரக் கிடார் பாய்கிறது. நடுவில் பாடகர் ஒரு குரலை உச்ச ஸ்தாயிக்கு ஏற்றிக்கொண்டே போகிறார். இனி மனிதக் குரலுக்கு இடமில்லை என்று நாம் நினைக்கும் அந்த நொடியில், கிடார் அதை வாங்கிக்கொண்டு மேலே செல்கிறது. குரல் எங்கே முடிந்தது, நரம்பு எங்கே தொடங்கியது என்று பிரித்தறிவது கடினம். நாகசுரக் கச்சேரியில் இருவர் வாசிக்கையில் ஒருவர் மூச்சு வாங்கும் இடத்தை மற்றவர் மறைத்து நிரப்புவதைக் கேட்டிருப்பவர்களுக்கு இந்தச் சாமர்த்தியத்தின் அருமை புரியும்.

முப்பத்தேழு நிமிஷம் முடிந்தது. "எத்தனை பேர் வாசித்திருப்பார்கள் என்று நினைக்கிறீர்கள்?" என்றான் தம்பி. பத்துப் பன்னிரண்டு பேர் இருக்கலாம் என்றோம். அவன் சிரித்தான்.

உறையின் மேல் ஐவர் பெயர் உண்டு. ஆனால் அத்தட்டில் ஒலிப்பவற்றில் மிகப் பெரும் பகுதி, கிடார்களில் ஏறக்குறைய எல்லாமும் ஆர்கனும் இன்னும் பலவும், ஒரே மனிதரின் கை. அவர் பெயர் டாம் ஷோல்ஸ். 1947-இல் ஒஹையோ மாநிலத்தின் டொலீடோ நகரில் பிறந்தவர். சிறு வயதில் சாஸ்திரீய முறையில் பியானோ பயின்றவர். மாஸசூஸெட்ஸ் தொழில் நுட்பக் கழகத்தில் இயந்திரப் பொறியியலில் முதுநிலைப் பட்டம் பெற்று, எடுத்த படத்தை அப்போதே கையில் தரும் காமிராக்களுக்குப் பேர் போன போலராய்ட் கம்பெனியில் பொறியாளராக வேலை பார்த்தார். அதாவது நம்மைப் போல் மாதச் சம்பளக்காரர். பகலெல்லாம் கம்பெனி வேலை. இரவில், பாஸ்டன் நகரை அடுத்த வாட்டர்டவுனில் தாம் குடியிருந்த வீட்டின் நிலவறையில் இசை. சம்பளத்தில் மிச்சம் பிடித்து ஒலிப்பதிவுக் கருவிகளை ஒவ்வொன்றாக வாங்கினார். விலைக்குக் கிடைக்காததைத் தாமே செய்துகொண்டார்.

அந்த நிலவறையைப் பின்னர் வந்து பார்த்த ஒலிப்பதிவுத் தயாரிப்பாளர் ஜான் பாய்லன், வீட்டைச் சூடாக்கும் உலைக்குப் பக்கத்தில் ஒண்டிய சிற்றிடம் என்றும், அவ்வப்போது அதில் தண்ணீர் புகும் என்றும் அருவருப்போடு வருணித்திருக்கிறார். மழை பெய்தால் பின்கட்டில் வாளி வைக்கும் நமக்கு அந்த இடம் உடனே கண் முன் வந்துவிட்டது.

ஒரே மனிதர் பலராக ஒலிப்பது எவ்வாறு என்று நேயர்கள் கேட்கலாம். நாமும் கேட்டோம். அவரிடம் இருந்தது பன்னிரண்டு தடங்கள் கொண்ட ஒலிநாடாக் கருவி. நம் நிலையத்தில் இணையாகப் பன்னிரண்டு தண்டவாளங்கள் ஓடுவதாக வைத்துக்கொள்ளுங்கள். முதல் தடத்தில் முரசைப் பதிவு செய்துவிட்டு, அதைக் காதில் கேட்டபடியே இரண்டாவது தடத்தில் வேறொன்று, பிறகு மூன்றாவதில் கிடார், நான்காவதில் அதே கிடாரை வேறொரு ஸ்வரத்தில் இணைத்து இன்னொரு முறை. எல்லாத் தடங்களையும் ஒன்றாக ஓட விட்டால் ஒரு பெரிய கோஷ்டி வாசிப்பது போல் இருக்கும். சொல்வதற்கு எளிது. ஒரு தடத்தில் இம்மி தாளம் தப்பினாலும் அழித்துவிட்டு மறுபடி வாசிக்க வேண்டும். கணக்குப் புத்தகத்தில் ஒரு பைசா இடித்தால் பக்கம் முழுவதையும் மறுபடி கூட்டும் நம் உத்தியோகத்துக்கும் இதற்கும் அதிக தூரமில்லை என்று தோன்றியது.

மற்றொரு சிக்கலும் உண்டு. வால்வு வைத்த ஒலிபெருக்கியை முழுச் சக்தியில் முடுக்கினால்தான் கிடாருக்கு அந்த உறுமல் வரும். முடுக்கினால் அண்டை வீட்டார் பொறுக்கமாட்டார்கள். ஒலிபெருக்கிக்கும் அதன் ஸ்பீக்கருக்கும் இடையே ஒரு பெட்டியை வைத்து, மிகுதியான சக்தியை அது விழுங்கும்படி செய்துவிட்டால், உறுமலின் குணம் மாறாமல் ஓசை மட்டும் குறையும். ஷோல்ஸ் 1980-இல் சொந்தமாக ஒரு கம்பெனி தொடங்கி முதலில் விற்றது இவ்வகைப் பெட்டியைத்தான். குடித்தனங்கள் நெருங்கிய இடத்தில் வாசித்துப் பழகியவருக்கே இப்படியொரு பொருள் தோன்றும்.

குரல் பிராட் டெல்ப் என்பவருடையது. தட்டில் கூட்டுக் குரலாக ஒலிப்பதும் பெரும்பாலும் அவரே, தம் குரலின் மேல் தம் குரலை அடுக்கியது. அவரும் அப்போது ஒரு தொழிற்சாலைத் தொழிலாளி. காப்பி போடும் மின்சாரக் கருவிகளுக்குச் சூடேற்றும் கம்பிச் சுருள் செய்யும் ஆலையில் வேலை. கேட்பவர்களுக்கு எல்லாம் விண்கப்பல் போல் ஒலிக்கும் இந்தத் தட்டை, ஒரு காமிராக் கம்பெனிப் பொறியாளரும் ஒரு காப்பிக் கருவித் தொழிலாளியும் வேலை முடிந்த வேளையில் உருவாக்கினார்கள் என்பதை நாம் பலமுறை எண்ணிப் பார்த்தோம். மற்ற மூவரையும் குறைவாகச் சொல்வதாக எண்ண வேண்டாம். பேரி குட்ரோவின் கிடாரும் ஃபிரான் ஷீஹனின் பேஸ் கிடாரும் சிப் ஹஷியனின் முரசும் தத்தம் இடத்தில் உண்டு. ஆயினும் வீட்டின் அஸ்திவாரம் முதல் இருவரே.

முரசு பற்றி ஒரு சிறு கதை சொல்ல வேண்டும், ஏனெனில் அது நம் மனத்தை விட்டுப் போகவில்லை. நிலவறைக் காலத்தில் ஷோல்ஸுக்குத் துணையாக முரசு அறைந்தவர் ஜிம் மஸ்டே என்னும் நண்பர். கம்பெனி ஒப்பந்தம் கைக்கு வரும் வேளையில் அவருக்குப் பதில் வேறொருவர் வேண்டும் என்று நெருக்கினார்கள். அவர் விலக்கப்பட்டார். தட்டில் 'ராக் அண்ட் ரோல் பேண்ட்' என்னும் ஒரே பாட்டில் மட்டும் அவர் கை ஒலிக்கிறது. பத்து ஆண்டுகள் கழித்து வந்த மூன்றாவது தட்டில் ஷோல்ஸ் அவரைத் திரும்ப அழைத்துக்கொண்டார். காத்திருந்தவர் பெரியவரா, மறக்காமல் அழைத்தவர் பெரியவரா என்று நம்மால் தீர்மானிக்க முடியவில்லை.

கம்பெனிகள் இவர்களது மாதிரிப் பதிவுகளைப் பலமுறை மறுத்தன. கடைசியில் எபிக் ஏற்றுக்கொண்டபோது ஒரு நிபந்தனை: முறையான ஒலிப்பதிவு நிலையத்தில், அனுபவமுள்ள தயாரிப்பாளர் ஒருவரை வைத்து, எல்லாவற்றையும் மறுபடி பதிவு செய்ய வேண்டும். ஷோல்ஸுக்கோ தம் நிலவறையை விட்டு வர மனமில்லை. பிறகு நடந்தது நல்ல நாடகம். பாய்லன் மற்றவர்களை அழைத்துக்கொண்டு லாஸ் ஏஞ்சலீஸ் சென்று, டெல்ப் எழுதிய 'லெட் மீ டேக் யூ ஹோம் டுநைட்' என்ற பாட்டை அங்கே பதிவு செய்தார். வேலை கலிபோர்னியாவில் நடக்கிறது என்று கம்பெனியும் நம்பியிருந்தது. ஷோல்ஸ் போலராய்ட் கம்பெனியில் சில மாதம் விடுப்புப் பெற்றுக்கொண்டு, வாட்டர்டவுன் நிலவறையிலேயே உட்கார்ந்து, தாம் முன்பே செய்திருந்தவற்றை அதே கருவிகளில் அப்படியே மறுபடி வாசித்துக்கொண்டிருந்தார். முடிந்ததும் ஒரு நடமாடும் ஒலிப்பதிவு வண்டி வந்து வாசலில் நின்றது. நிலவறைச் சன்னல் வழியே கம்பியை உள்ளே விட்டு, எல்லாவற்றையும் இருபத்து நான்கு தடக் கருவிக்கு மாற்றிக்கொண்டு சென்றது. பிறகுதான் ஷோல்ஸ் கலிபோர்னியா போனார். டெல்ப் அங்கே குரல் சேர்த்தார்.

மேலதிகாரியிடம் இப்படி நடந்துகொள்வதை நாம் ஆதரிப்பதாக எவரும் கொள்ள வேண்டாம். ஆனால் நியாயமாகச் சொன்னால், கம்பெனியின் நிபந்தனைக்கு அவர் பணிந்திருந்தால் நமக்கு இந்தத் தட்டு கிடைத்திராது.

இனி மற்றப் பாட்டுகள். 'பீஸ் ஆஃப் மைண்ட்' என்பது உத்தியோக ஏணியில் ஒருவரை ஒருவர் முந்தி ஏற முயல்வோரைப் பார்த்து, எனக்கு மன அமைதி போதும் என்று சொல்லும் பாட்டு. அலுவலகத்தில் உட்கார்ந்து பார்த்தவர் எழுதியது என்பதில் ஐயமில்லை. பதவி உயர்வுப் பட்டியல் வெளிவரும் வாரத்தில் நம் நண்பர்கள் இதைக் கேட்கலாம். அதற்கடுத்து 'லாங் டைம்'. அதன் தலைப்பின் முற்பாதியைக் குடும்பத்தினர் படிக்கும் இப்பத்திரிகையில் எழுத வேண்டாம் என்று விட்டுவிட்டோம். ஆனால் அந்த முற்பாதியில் வார்த்தை கிடையாது, ஆர்கனின் வேகமான ஓட்டந்தான். ஷோல்ஸ் மாணவராக இருந்த காலத்தில் அமைத்தது அது. பியானோ பயின்ற பிள்ளையின் விரல்கள் அங்கே தெரிகின்றன. எட்டு நிமிஷத்துக்குச் சற்றுக் குறைந்த நீளம் இருந்தும் நமக்குச் சலிக்கவில்லை. மறு பக்கத்தில் 'ஹிட்ச் எ ரைட்' நம் கருத்தில் மிகச் சிறந்தது. 'ஸ்மோக்கின்' எங்கள் வீட்டில் ஒருவருக்கும் பிடிக்கவில்லை, தம்பியைத் தவிர.

தட்டு விற்றது, சாதாரணமாக அன்று. அமெரிக்காவில் மாத்திரம் ஒரு கோடியே எழுபது லட்சம் என்று கணக்கிட்டுச் சான்று அளித்திருக்கிறார்கள். முதல் தட்டிலேயே இப்படி விற்ற குழுக்கள் விரல் விட்டு எண்ணத் தக்கவை.

பிறகு நேர்ந்ததையும் சொல்லத்தான் வேண்டும். முதல் தட்டின் பாட்டுகளுக்கு ஷோல்ஸ் எடுத்துக்கொண்டது ஆண்டுக் கணக்கு. ஏன் இன்னும் முடியவில்லை என்று கேட்பார் இல்லை. வெற்றி வந்த மறுநாளே கேட்பார் வந்துவிட்டார்கள். இரண்டாவது தட்டு 1978-இல் வந்தது. அவசரப்படுத்தி வாங்கிவிட்டார்கள் என்று அவர் குறைபட்டார். மூன்றாவதற்கு எட்டு ஆண்டுகள் ஆயின. இடையே, தட்டைத் தரவில்லை என்று எபிக்கின் தாய்க் கம்பெனியான ஸி.பி.எஸ். அவர் மேல் வழக்குத் தொடுத்தது. 1986-இல் வேறொரு கம்பெனியின் மூலம் மூன்றாவது தட்டு வெளிவந்து அதுவும் வெற்றி பெற்றது. வழக்கு 1990-இல் அவருக்குச் சாதகமாக முடிந்தது. நிலவறையில் அவரிடம் இருந்து, பிறகு பணம் வந்தும் வாங்க முடியாமற் போன ஒரே பொருள் காலம் என்று நமக்குப் படுகிறது.

டெல்ப் 2007-ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். மென்மையான மனிதர் என்று அவரை அறிந்தோர் சொல்கிறார்கள். இதைத் தெரிந்துகொண்ட பின் முதற் பாட்டின் அந்த உச்சக் குரலைக் கேட்கும்போது நமக்கு முன்போல் இல்லை. முரசறைந்த ஹஷியன் 2017-இல் காலமானார்.

இவ்வளவையும் தெரிந்துகொள்ள நமக்கு இரண்டு வாரம் ஆயிற்று. தெரிந்துகொண்டதும், தர்க்கத்தில் வென்றுவிட்டோம் என்ற களிப்போடு தம்பியைக் கூப்பிட்டோம். "நீ காட்டிய மனிதர் வேலையை விட்டாரா? விடவில்லையே! தட்டு செய்ய விடுப்புத்தானே எடுத்தார்? விற்ற பிறகல்லவா விட்டார்?" என்றோம்.

அவன் சற்று நேரம் பேசாமல் இருந்தான். பிறகு, "உண்மைதான் அண்ணா. ஆனால் அவர் சம்பளத்தில் கருவி வாங்கினார். நான் கையில் வாங்கியதை அப்படியே உங்களிடம் கொடுத்துவிடுகிறேன். அவருக்கு ஒரு நிலவறை இருந்தது. நான் கிடாரைத் தொட்டால் அம்மா கதவைச் சாத்துகிறாள், நீங்கள் தூங்க வேண்டும் என்று. இங்கே இடமில்லாமல்தானே பெங்களூர் போகிறேன் என்கிறேன்?" என்றான்.

நமக்கு விடை தோன்றவில்லை. தங்கையின் கலியாணக் கடன் இன்னும் இரண்டு ஆண்டு இருக்கிறது. அவன் தரும் பணம் அதற்குத்தான் போகிறது. அவனுக்கும் அது தெரியும். தெரிந்தே இதுவரை அவன் ஒரு வார்த்தை சொன்னதில்லை என்பது அப்போதுதான் நமக்கு உறைத்தது. தாயார் சமையற்கட்டு வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். "பின்கட்டில் கரி போட்டு வைத்த அறை சும்மாத்தானே கிடக்கிறது" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

பழைய குடியிருப்புகளில் அடுப்புக்கரி சேமிக்க ஓர் அறை கட்டியிருப்பார்கள்; எரிவாயு வந்த பின் அதில் உடைந்த நாற்காலியும் பழைய தகரப் பெட்டியும்தான். அவற்றை வெளியேற்றிச் சுண்ணாம்பு அடித்தோம். சுவரில் இரண்டு பழைய ரஜாய்களைத் தொங்கவிட்டு ஓசையை அடக்கினான். அப்ரெண்டிஸ் காலம் முடியும் வரை வேலையை விடுவதில்லை என்று அவன் ஒப்புக்கொண்டான். கையில் வாங்குவதில் பாதி அவனுடையது என்று நாம் ஒப்புக்கொண்டோம். கடன் இரண்டு ஆண்டுக்குப் பதில் மூன்று ஆண்டு ஆகும். காலம் முடிந்த பின் என்ன என்பதைப் பற்றி இருவரும் பேசவில்லை.

சென்ற வாரம் இரவு முறை இல்லை. படுத்திருந்தோம். கரி அறையிலிருந்து ஒரே வரியை அவன் மறுபடியும் மறுபடியும் வாசிக்கும் ஓசை ரஜாயைத் தாண்டி மெல்லியதாக வந்துகொண்டிருந்தது. எண்ணத் தொடங்கினோம். பதினான்கு முறை ஒரே இடத்தில் தடுக்கியது. பதினைந்தாவது முறை சரியாக விழுந்துவிட்டது என்று நமக்குத் தோன்றியது. அவனுக்குத் தோன்றவில்லை போலும். மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பித்தான்.